பதின்மூன்றாம் ரீலுக்குப் பிறகு

திருகோணமலைக் கடல்முத்து தியேட்டரில் பெண்களுக்கு டிக்கட் கொடுக்கும் ரபீக்கா, பதினேழு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட முழுசாகக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஓடிய படங்களில் அவளுக்குத் தெரியாத படமும் இல்லை. அவளுடைய டிக்கட் கூடு மண்டபத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஒலிபெருக்கி, இந்தப் பக்கம் ரபீக்காவின் காது. உள்ளே இருக்கிறவர்கள் கண்ணை விரித்துப் பார்த்து விளங்கிக்கொண்டதைவிட, அவள் டிக்கட் கட்டை அடுக்கிக்கொண்டே கேட்டு விளங்கிக்கொண்டது அதிகம்.

குதிரைக் குளம்பு கேட்டால் கதாநாயகன் வருகிறான். இடி இடித்தால் ஒரு தாய் தன் பிள்ளையைத் தொலைக்கப் போகிறாள். இதெல்லாம் பழைய வாள்சண்டைப் படங்களின் சங்கதி. புதுப் படங்களில் குளம்புக்குப் பதில் மோட்டார் சைக்கிள், இடிக்குப் பதில் டெலிபோன். டெலிபோன் மணி அடித்து யாராவது எடுத்து, 'என்ன!' என்று கத்தி, கையிலிருந்ததை விட்டுவிட்டால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தியேட்டர் வாசலில் நடக்கும் சண்டை, திரையில் நடக்கும் சண்டைக்குக் குறைந்ததல்ல. ஒரு பக்கம் படம் ஓட்டுகிற இக்னேசியஸ். ஐம்பது வயசு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், பழைய படமென்றால் உயிர். மறுபக்கம் முதலாளியின் மருமகன் முனாப். இருபத்தாறு வயசு, நடிகர் மணிமாறனைப் போலத் தலைமயிரைக் காதுக்கு மேல் சுருட்டி விட்டிருப்பவன். அவனுக்குக் கராத்தேயும் கைத்துப்பாக்கியும் இல்லாத படம் படமே இல்லை.

"அந்தக் காலத்தில எதிரியின்ர வாள் விழுந்தா கதாநாயகன் என்ன செய்வான்? எடுத்துக் குடுத்து, 'பிடி வாளை' எண்டுவான். அது வீரம்," என்பார் இக்னேசியஸ். "இப்ப துவக்கு விழுந்தா காலால தட்டி விட்டிட்டு முகத்தில குத்திறான். இது சந்தையில நடக்கிற சண்டை."

"வாளை எடுத்துக் குடுக்கிறவன் மடையன், அண்ணன். அவன் திருப்பி வெட்ட மாட்டானா?" என்பான் முனாப்.

இரண்டு பேரும் கடைசியில் ரபீக்காவின் கூட்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அவள் ஒரே தீர்ப்பைத்தான் எப்போதும் சொல்வாள்.

"ரெண்டும் ஒண்டுதான். அப்ப வில்லன்ர குகைக் கதவு சிங்கத்தின்ர நாக்கை இழுத்தாத் திறக்கும். இப்ப மேசையில பொத்தானை அமத்தினாத் திறக்கும். அப்ப முதலைக் கிடங்கு, இப்ப அசிட் தொட்டி. அப்ப தாடி ஒட்டினா ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது, இப்ப கன்னத்தில மச்சம் ஒட்டினாத் தெரியாது. தைச்ச உடுப்புத்தான் வேற, உள்ளுக்கு இருக்கிற உடம்பு அதேதான்."

சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த வருஷம், எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியார். மண்டபத்தை நெடுக்காகப் பிரித்து ஒரு பலகைத் தடுப்பு உண்டு. வலப்பக்கம் பெரிய பங்கு ஆண்களுக்கு, இடப்பக்கம் சின்னப் பங்கு பெண்களுக்கு. ஒரு காலத்தில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து இறங்கும் பெண்களுக்கு இடப்பக்கம் போதாது. நடக்கிற பாதையிலும் பாய் விரித்து இருப்பார்கள். துவக்குப் படங்கள் வரத் தொடங்கிய பிறகு அவர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். பாதிக் கதிரை வெறுங்கதிரை. ஆண்கள் பக்கமோ நிற்க இடமில்லை.

"பெருநாள் படம் முடிய, வாற சனிக்கிழமை தச்சன் வாறான், புள்ள," என்று ஹாஜியார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "தடுப்பைக் கழட்டப் போறன். பொம்புளையள் இனி வர மாட்டாங்க. அவங்களுக்குப் பழைய படந்தான் பிடிக்கும். ஆர் இப்ப பழைய படம் எடுக்கிறான்?"

தடுப்புப் போனால் பெண்கள் கூடும் போகும். கூடு போனால் ரபீக்காவும் போக வேண்டியதுதான். புருஷன் மௌத்தாகி அவள் தனித்துப்போனபோது, கிண்ணியாவில் இருந்த தம்பி தன் வீட்டுக்கு வரச்சொன்னான். நல்லவன்தான். ஆனால் அவன் பெண்சாதியின் குசினியில் காலம் முழுக்க வெங்காயம் உரித்துக்கொண்டு, எதற்கும் கேட்டுக் கேட்டு வாழ ரபீக்காவால் ஏலாது. அந்த நான்கடிக் கூட்டில் அவள் ஒருவருக்கும் கீழே இல்லை. அதைப் பறிகொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் அவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் காலை பத்தரைக் காட்சி. படம் மணிமாறனின் புத்தம்புதிய 'ஏழாம் நம்பர் கப்பல்', கலர்ப் படம். ரீல் பெட்டி கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரவேண்டும். மற்றவர்களென்றால் ஸ்டேஷனில் போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். முனாப் அப்படிச் செய்வானா? முதல் நாளே கல்லோயாச் சந்திக்குப் போய், பெட்டியை அங்கேயே எதிர்கொண்டு, அதே ரயிலில் அதற்குப் பக்கத்தில் இருந்து வந்தான். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஊர்வலம். பெட்டிக்குச் செவ்வந்தி மாலை. முன்னால் இரண்டு பேர் றபான் மேளம் அடித்தார்கள். துறைமுகத்து வேலையாட்கள் விசிலடித்தார்கள். எட்டு மணிக்குப் பெட்டி தியேட்டருக்குள் போனது. எட்டுப் பத்துக்கு மாடியிலிருந்து இக்னேசியஸ் போட்ட கத்தல் வாசல் வரை கேட்டது.

ரபீக்கா படியேறிப் போனாள். படம் ஓட்டும் அறையில் பதினாறு தகர டப்பாக்கள் திறந்து கிடந்தன. இக்னேசியஸ் ஒரு ரீலின் நுனியை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது கறுப்பு வெள்ளை! வாளோட நிக்கிறான்! இது 'குமுதபுரி வீரன்' எல்லோ! இருபது வருஷத்துக்கு முந்தின படம்!"

ஒன்பது டப்பா புதுப் படம். ஏழு டப்பா பழைய படம். பின்னாலேயே படியேறி வந்த ஹாஜியாரும் மற்றவர்களும் முனாப்பைப் பார்த்தார்கள். அவன் மணிமாறன் முடியைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

கல்லோயாவில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒன்று திருகோணமலைக்கு, ஒன்று மட்டக்களப்புக்கு. மட்டக்களப்புத் தியேட்டர் ஒன்று பெருநாளுக்குப் பழைய 'குமுதபுரி வீரன்' போடுகிறது. அந்தப் பெட்டியை எதிர்கொள்ள அங்கேயிருந்தும் ஒருவன் வந்திருந்தான். அவனும் மணிமாறன் ரசிகன். அவனுக்கும் அதே சுருட்டை முடி. ஸ்டேஷன் மேடையிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்கு மாலை போட்டால் போதுமா, ஒவ்வொரு டப்பாவுக்கும் போடவேண்டும் என்று அவன் சொல்ல, இவனும் சம்மதித்து, இரண்டு பெட்டியையும் திறந்து, எல்லா டப்பாவையும் மேடையில் வரிசையாக அடுக்கி, தலைக்கு ஒரு பூ வைத்து, நடுவில் நின்று போட்டோவும் பிடித்தார்கள். அப்போது ரயில் விசில் ஊதிவிட்டது. அகப்பட்டதை அகப்பட்ட பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்கள்.

"டப்பாவில படத்தின்ர பேர் இல்லையாடா?" என்றார் ஹாஜியார்.

"ரெண்டிலயும் 'மணிமாறன்' எண்டுதான் பெரிசா எழுதியிருந்தது, மாமா. பேரைக் கண்டாப் போதாதா எண்டு நினைச்சனான்."

ஹாஜியாரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. டெலிபோனில் மட்டக்களப்பைப் பிடித்தார். அங்கேயும் இதே கூத்து. ஆள் ஒருவன் மிச்ச ரீலோடு வாகனத்தில் புறப்பட்டுவிட்டான், வந்துசேரப் பின்னேரமாகும். கீழே வாசலில் சனம் சேர்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் பெருநாள் படம் ஒரு மணித்தியாலம் பிந்தியதற்கே முப்பத்திரண்டு கதிரை உடைந்தது.

"காட்சி இல்லை எண்டு சொல்லவும் ஏலாது, அரைப் படத்தைக் காட்டவும் ஏலாது," என்று அவர் ஒரு ஸ்டூலில் இருந்துவிட்டார். "மானம் போச்சு."

ரபீக்கா டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குள் ஒரு எண்ணம் எழும்பியது. அதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்றும் தெரிந்தது. ஆனால் சனிக்கிழமை தச்சன் வரப்போகிறான். அதற்கு மேல் இழக்க அவளிடம் என்ன இருக்கிறது?

"ஹாஜியார், ரெண்டையும் சேத்து நான் ஒரு படமாக்கித் தாறன்."

"என்ன சொல்றாய்?"

"ரெண்டும் ஒரே கதைதானே, பதினேழு வருஷமாச் சொல்றன். ரெண்டிலயும் மணிமாறன்தான் கதாநாயகன், ரெண்டிலயும் வேதநாயகந்தான் வில்லன். படம் முடியுமட்டும் ஒரு கதிரையும் உடையாட்டி, என்ர பக்கத்துத் தடுப்பில தச்சன் கை வைக்கப்படாது. சம்மதமா?"

ஹாஜியார் கீழே எட்டிப் பார்த்தார். மூதூர் லோஞ்சில் கடல் தாண்டி வந்த பெண்கள் ஒரு கூட்டமாக வீதியைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். புதுப் படத்துக்கல்ல, பெருநாளுக்கென்று புறப்பட்டு வந்தவர்கள். வேறு போக்கிடம் இல்லாமல் தியேட்டருக்கு வருகிறவர்கள்.

"வாக்கு," என்றார் அவர். "அல்லாஹ்வே, என்னைக் காப்பாத்து."

அதன் பிறகு நடந்ததை இக்னேசியஸ் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். புதுப் படத்தை அந்த ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை, ரபீக்காவும் கேட்கவில்லை. டப்பாவின் மேல் மணிமாறன் பேரோடு ரீல் நம்பர் மட்டும் இருந்தது. அவள் நம்பரைக் கேட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லத் தொடங்கினாள்.

"முதல் ரீல். தாய் வெள்ளைச் சீலையோட சாமி கும்பிடுவா. மகன் வந்து காலில விழுவான்."

இக்னேசியஸ் ரீலை உருவி வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். "ஓம்! சாமிப் படம் இருக்கு!"

"நாலாவது. ஒரு பணக்காரப் பெட்டை காரில வந்து இவனை மோதி, சண்டை பிடிச்சு, அடுத்த நிமிஷம் தோட்டத்தில பாடுவாள்."

"பாடுறாள், தங்கச்சி! பூங்கா!"

"எட்டாவது. கிளப்பில ஒருத்தி ஆடுவாள், அங்க மணிமாறன் கன்னத்தில மச்சம் ஒட்டிக்கொண்டு இருப்பான், பிறகு சண்டை."

"கராத்தே!" என்று முனாப் துள்ளினான். "எட்டிலயும் ஒன்பதிலயும் கராத்தே!"

"பதின்மூண்டு. வில்லன் தாயைக் கடத்திக் கொண்டுபோய்க் கட்டிப் போட்டிருப்பான்."

இக்னேசியஸ் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "கதிரையில கட்டியிருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா இந்த முகத்தை எங்கயோ கண்டனான்."

அவர் ஒரு பழைய ரீலை எடுத்து இதன் பக்கத்தில் பிடித்தார். ரபீக்கா முதல் தடவையாகக் கண்ணாடியைத் தன் கைக்கு வாங்கிப் பார்த்தாள். இடப்பக்கம் கலரில், நரை ஒட்டிய தலையோடு, கயிற்றால் கட்டுண்டு அழும் தாய். வலப்பக்கம் கறுப்பு வெள்ளையில், கச்சை கட்டி, வாளை உயர்த்தி நிற்கும் இளவரசி. இரண்டு பேரும் ஒரே நடிகை. கனகவேணி.

ரபீக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது வருஷத்துக்கு முந்தி மணிமாறனுக்குப் பக்கத்தில் வாள் பிடித்தவள் இவள். மணிமாறன் இன்றைக்கும் பூங்காவில் இருபது வயசுப் பெட்டையோடு ஓடுகிறான். வேதநாயகம் இன்றைக்கும் வில்லன். இவளை மட்டும் அவனுக்குத் தாயாக்கி, தலையில் மாவைக் கொட்டி, கதிரையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய படத்தில் சிறையை உடைத்துக் கதாநாயகனை மீட்பவளே இவள்தான். அந்தப் படம் அங்கே திரும்பத் திரும்ப ஓடியதால் சண்டையின் ஓசை ரபீக்காவுக்கு மனப்பாடம். புதுப் படங்களில் பெண்களின் குரல் ஒன்றே ஒன்றுக்குத்தான் கேட்கும்: 'காப்பாத்துங்க!'

"நான் பிழையாச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறன், அண்ணன்," என்றாள். "ரெண்டும் ஒண்டில்லை. மற்றதெல்லாம் ஒண்டுதான், குகை, தாடி, முதலை எல்லாம். இது மட்டும் மாறிப் போச்சு. எங்கட பொம்புளையள் துவக்குக்குப் பயந்து நிக்கேல்லை. அங்க அவங்களுக்குச் செய்ய ஒண்டும் இல்லை, அதான் வராம நிண்டாங்க."

இக்னேசியஸ் பழைய ரீலை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலை அதற்குப் பிறகு விறுவிறுவென்று ஓடியது. கலரில் நடப்பது இன்றைய கதை. கறுப்பு வெள்ளையில் நடப்பது தாயின் இளமை, அவளுடைய குமர்க் காலம். பழைய மணிமாறன் தகப்பன், புது மணிமாறன் மகன். அப்பனும் மகனும் ஒரே முகம் என்பது எந்தப் படத்தில் இல்லை? அரச குடும்பத்தில் பிறந்தவள் நாடிழந்து நகரத்தில் தையல் மெஷின் மிதிக்கிறாள், அவ்வளவுதான். இடையிடையே தாய் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் இடங்களில் பழைய ரீல் வரும். கராத்தே இரண்டு ரீலும் இடைவேளைக்கு முன்னால், முனாப்பின் மனம் நோகாமல். பதினோராம் ரீலில் தாய் மகனுக்குச் சோறு ஊட்டிப் பாடுகிறாள். அதை ரபீக்கா தூக்கிக் கடைசியில் வைத்தாள்.

"பதின்மூண்டுக்குப் பிறகு புதுப் படம் இல்லை," என்றார் இக்னேசியஸ். "தாயை மீட்கிற ரீல் மட்டக்களப்பில. அங்க சனம் சும்மா விடாது."

"அங்கதான் நீங்க கெட்டிக்காரன் எண்டதைக் காட்டோணும். வேதநாயகம் எப்பிடிச் சிரிப்பான் தெரியுமா? இருபது வருஷமா ஒரே சிரிப்பு. மூண்டு தரம் சிரிப்பான், மூச்சு விடுவான், நாலாந்தரம் பெரிசாச் சிரிப்பான். பழைய பதினாலாம் ரீலும் அந்தச் சிரிப்பிலதான் தொடங்குது. கலரில மூண்டு சிரிப்பு. மூச்சு விடுற இடத்தில நான் உங்கட தோளைத் தட்டுவன். இந்த மெஷினை மூடி அந்த மெஷினைத் திறவுங்க. நாலாஞ்சிரிப்பு கறுப்பு வெள்ளையில வரோணும்."

இக்னேசியஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

பத்தரைக்கு மணி அடித்தது. ரபீக்கா தன் கூட்டைப் பூட்டிவிட்டு மேலே வந்து, படம் ஓட்டும் அறையின் சிறு துவாரத்தில் கண்ணை வைத்தாள். கீழே வலப்பக்கம் ஆண்கள் திணறிக்கொண்டு இருந்தார்கள். இடப்பக்கம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இடையில் அந்தப் பலகை.

தாய் சாமி கும்பிட்டாள், மகன் காலில் விழுந்தான், விசில் பறந்தது. படத்துக் கப்பலில் பாரம் தூக்கியை ஒரு ஆள் ஒற்றைக் கையால் சுழற்றியதைக் கண்டு துறைமுகத்து வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. தாய் ஜன்னலைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். இக்னேசியஸ் மெஷினை மாற்றினார். திரையில் கறுப்பு வெள்ளை, குதிரையில் மணிமாறன்.

முன்வரிசையில் ஒரு விசில் பாதியில் நின்றது. பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒருவன், "என்னடா இது! பழைய படத்தைப் போட்டு ஏமாத்திறாங்கள்!" என்று கத்தினான். இன்னொருவன் கதிரையைத் தூக்கித் தரையில் அடித்தான். இருபது பேர் எழும்பிவிட்டார்கள்.

அறையில் ஒலிவாங்கி ஒன்று இருந்தது. இந்த இடத்தில் விளக்கம் சொல்வதாக ரபீக்கா ஏற்பாடு செய்திருந்தாள். அதைக் கையில் எடுத்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பதினேழு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, ஆயிரம் பேருக்கு முன்னால் கதைக்க நா எழவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

அப்போது தடுப்புக்கு இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. மூதூர் லோஞ்சில் வந்த றம்லா. மூன்று பிள்ளை பெற்றவள், சந்தையில் மீன்காரரோடு விலை பேசிப் பழகிய தொண்டை.

"இருங்கடா கீழ! அது தாயின்ர குமர்க் காலம், விளங்கேல்லையா? அங்க பார், அவட முகம்! இவன் மகன்ர வாப்பா!"

"ஓமடி, தாய்தான்! தாய்தான்!" என்று இன்னும் பத்துப் பேர்.

ஆண்கள் திரையைப் பார்த்தார்கள். இளவரசி பல்லக்கின் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அதே கண், அதே மூக்கு. வலப்பக்கத்தில் "ஓ..." என்று ஒரு நீளச் சத்தம். "ரெட்டை வேஷம்டா!" என்று யாரோ விளக்கினான். எழும்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். கதிரையை அடித்தவன் அதைத் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தான். ரபீக்கா ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. அவள் ஒரு சொல்லும் சொல்லத் தேவைப்படவில்லை. பெண்கள் எல்லோருக்கும் அவளைப்போலவே தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு மண்டபம் அவர்களுடையதாகிவிட்டது. ஒவ்வொரு தடவை கறுப்பு வெள்ளை வரும்போதும் இடப்பக்கம் கதை சொல்ல, வலப்பக்கம் கேட்டது. கராத்தேயில் முனாப் தன்னை மறந்து ஹாஜியாரின் முதுகில் ஒரு வெட்டு வெட்டினான். ஹாஜியாருக்கு அது நோகவும் இல்லை.

பதின்மூன்றாம் ரீல் வந்தது. கதிரையில் தாய். முன்னால் சுருட்டோடு வேதநாயகம். பக்கத்தில் அசிட் தொட்டி கொதித்தது. இக்னேசியஸ் இரண்டு கையும் இரண்டு மெஷினில் வைத்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்வை மூக்கில் வடிந்தது. ரபீக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கண் தேவையில்லை.

ஹ ஹ ஹா. ஹ ஹ ஹா. ஹ ஹ ஹா.

மூச்சு.

அவள் தோளைத் தட்டினாள்.

நாலாஞ்சிரிப்பு கிரீடம் வைத்த வேதநாயகத்தின் வாயிலிருந்து வந்தது. இடையில் ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லை. மணிமாறன் சங்கிலியில் தொங்கினான், காவலர் சூழ்ந்து நின்றார்கள், சிறைக் கதவு ஓங்காரமாய்ப் பிளந்தது, கனகவேணி வாளோடு உள்ளே வந்தாள்.

ரபீக்கா கண்ணைத் திறந்தாள். இத்தனை வருஷம் காதால் கேட்ட சண்டையை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிட அது எவ்வளவோ பெரிசாக இருந்தது. கனகவேணி படியிலிருந்து பாய்ந்தாள், மூன்று பேரை ஒரே வீச்சில் சரித்தாள், சங்கிலியை வெட்டினாள். வேதநாயகத்தின் வாள் பறந்து விழுந்தது. அவள் அதைக் காலால் அவனுக்குத் தள்ளிவிட்டு, 'எடு!' என்றாள்.

பெண்கள் பக்கம் ஒருத்தரும் கதிரையில் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் கதிரைமேல் நின்றார்கள். "வெட்டு! இருபது வருஷமா அழுதவள், விடாதே வெட்டு!" என்று றம்லா முந்தானையைத் தலைக்கு மேலே சுழற்றினாள். பலகைத் தடுப்பை உள்ளங்கையால் அடித்தார்கள், தடுப்பு முழுக்க அதிர்ந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்தும் அடித்தார்கள். கீழே, வாசல் படியில் நின்ற ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டு, பிறகு யாராவது கண்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார். மேலே ரபீக்காவும் இக்னேசியஸும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வெட்கமென்ன, மரியாதையென்ன!

கடைசி ரீலில் தாய் மகனுக்குச் சோறு ஊட்டினாள். ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. "அப்ப அப்பிடி அடிச்சவள் இப்பவும் அடிச்சிட்டுத்தான் வந்திருப்பாள்," என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். ஒரு கதிரைக்கும் சேதமில்லை.

அடுத்த காட்சி இரண்டரைக்கு. இரண்டு மணிக்கே பெண்கள் வரிசை தபால் கந்தோர் மூலையைத் தாண்டியது. கப்பல்துறையிலிருந்து வந்திருந்தார்கள், அன்புவழிபுரத்திலிருந்து தெருத் தெருவாக வந்திருந்தார்கள், கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் பாதியில் திரும்பி வந்திருந்தார்கள். காலையில் பார்த்தவர்கள் லோஞ்சை விட்டுவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். அந்தக் காட்சிக்கும் மேலே போய்த் தோளைத் தட்டிவிட்டு வந்தாள் ரபீக்கா.

ஐந்தரை மணிக்கு மட்டக்களப்பு ஆள் வாகனத்தில் வந்து இறங்கினான். புழுதி படிந்த சுருட்டை முடி, கையில் சரியான ரீல்கள். முனாப் அவனைக் கட்டிப்பிடித்து மேலே கூட்டிப்போகப் புறப்பட்டான். செய்தி வரிசைக்கு எட்டியது.

"என்ன, வேற ரீல் வந்திட்டாமா?" என்றாள் வரிசையின் முன்னால் நின்ற றம்லா. மூன்றாவது தடவையாக வந்திருந்தாள்.

"ஓம். இனிச் சரியான படம் பாக்கலாம்," என்றார் ஹாஜியார் பெருமையாக. "போலீஸ் வந்து தாயைக் காப்பாத்துமாம்."

"போலீசா?" றம்லா திரும்பி வரிசையைப் பார்த்தாள். "புள்ளையள், போலீஸ் வந்து காப்பாத்துற படமாம், வேணுமா?"

"வேணாம்!" என்று வந்த சத்தத்தில் தியேட்டர் கூரையில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. "எங்கட படத்தைப் போடுங்க!"

ஹாஜியார் மட்டக்களப்பு ஆளைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "வழியில டெலிபோன் எடுத்தனான். இங்க படம் ஓடின கதை கேள்விப்பட்டு, எங்கட முதலாளி விசாரிச்சுவரச் சொன்னவர்," என்றான். "காலமை எங்கட தியேட்டர்ல கதிரை ஒண்டும் மிஞ்சேல்லை. நீங்க எந்த ரீலுக்குப் பிறகு எந்த ரீலைப் போட்டனீங்க?"

"அதை என்னட்டக் கேக்காதே. அங்க கேள்," என்று ஹாஜியார் டிக்கட் கூட்டைக் காட்டினார்.

அன்றைக்குப் பெண்கள் பக்கம் நிரம்பி, நடைபாதை நிரம்பி, வாசலிலும் சனம் நின்றது. மூன்று நாள் அப்படித்தான். சனிக்கிழமை காலை, சொன்னபடி தச்சன் சாமான் பையோடு வந்தான். அவனை வரவேண்டாமென்று சொல்ல ஹாஜியார் மறந்துபோனார் என்று நினைத்து ரபீக்கா கூட்டை விட்டு வெளியே ஓடிவந்தாள். அவர் மறக்கவில்லை. அவளை மண்டபத்துக்குள் கூப்பிட்டு, தடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

"சொல்லு புள்ள, தடுப்பை இனி எங்க தள்ளி வைக்க?"

ரபீக்கா தடுப்பைப் பார்த்தாள், ஆண்கள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சீலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக நடந்தாள். ஒரு கதிரை, இரண்டு கதிரை என்று எண்ணிக்கொண்டு போனாள். நாலாவது கதிரையில் நிற்பாள் என்று ஹாஜியார் நினைத்தார். அவள் நிற்கவில்லை. ஆறையும் தாண்டி, மண்டபத்தின் நட்ட நடுவில் போய் நின்று, காலால் தரையைத் தட்டினாள்.

"இங்க," என்றாள்.

தச்சன் ஹாஜியாரைப் பார்த்தான்.

"என்னை என்ன பாக்கிறாய்?" என்றார் ஹாஜியார். "அவ சொன்ன இடத்தில அடி."